தோட்டத்துல நிக்கிற சீனியம்மா

நகந்து படு. தலகாணிய இந்தப் பக்கம் இழுத்துக்கோ. கால என் மேல போடாத, கனமா இருக்கு. ம்... இப்பச் சொல்லட்டுமா? நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். சத்தம் வரலைன்னா பெரியம்மா கதைய அங்கனயே நிப்பாட்டிருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சாம். கடலுக்குப் பக்கத்துல உப்பளம். கண்ணு போற தூரம் வரைக்கும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரு மரம் கெடையாது. ஒரு செடி கெடையாது. ஒரு காக்கா வந்து உக்காரணும்னாலும் உப்புக் குவியல் மேலதான் உக்காரணும். அந்த உப்பளத்துல ஊர்க்காவலன்னு ஒருத்தரு உப்பு வாரிக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ஒரே பொண்ணு. பேரு வெள்ளத்தாய்.

"அம்மா?"

அம்மா இல்ல கண்ணு. இவ எட்டு மாசக் கைக்குழந்தையா இருந்தப்பவே அம்மா செத்துப்போயிட்டா. அம்மா பேரு சீனியம்மா. பேரு மட்டுந்தான் இவளுக்குத் தெரியும். முகம் தெரியாது. அந்தக் காலத்துல உன்னய மாதிரி பொறந்த அன்னைக்கே போட்டோ எடுப்பாங்களா என்ன? ஒரு படம் கெடையாது வீட்டுல.

அப்போ இந்தப் பொண்ணு அய்யாவப் போய்க் கேக்கும். "அய்யா, அம்மா எப்பிடி இருப்பா?"

"நல்லாத்தான் இருப்பா."

"மூக்கு எப்பிடி இருக்கும்?"

"மூக்கு மாதிரிதான் இருக்கும்."

சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, சரக் சரக்குன்னு உப்ப வார ஆரம்பிச்சிருவாரு. கோவம் இல்ல. அந்த மனுசனுக்குச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.

அப்புறம் இவ என்ன பண்ணுவா, கையகலக் கண்ணாடிய எடுத்து வச்சுக்கிட்டு கணக்குப் போடுவா. இந்தக் காது அய்யாவோடது. இந்தச் சப்ப மூக்கு அய்யாவோடது. நெத்தி அய்யாவோடது. அப்போ மிச்சம் எல்லாம் அம்மாவோடதாத்தான இருக்கணும்? மூக்க ஒரு விரலால மறைப்பா, காத முடிய இழுத்து விட்டு மறைப்பா. மிச்சத்தப் பாப்பா. மிச்சம் ஒரு முகமா சேரவே சேராது.

"ம்."

அவளுக்குப் பதினாலு வயசு இருக்கும். அய்யாவுக்கு நெஞ்சுச்சளி கட்டிக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமல். பாயில படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. ஒரு நா மத்தியானம் கஞ்சி குடுக்கப் போனப்போ, அவராவே பேசுனாரு.

"தாயி, ஒங்கம்மாவப் பாக்கணும்னு கேப்பியே. அவ முகம் ஒரு எடத்துல இருக்கு."

இவ கஞ்சிச் சட்டியக் கீழ வச்சுட்டுக் கிட்ட வந்து உக்காந்தா. "எங்கய்யா?"

அப்போ அவரு சொன்னாரு. மலையடிவாரத்துல பூங்குறிச்சின்னு ஒரு ஊரு. அங்க இருந்த சமீன்தார் பெருசா ஒரு தோட்டம் போட்டாராம். சிங்கம், குதிரை, மீன் வாயில இருந்து தண்ணி கொட்டுற தொட்டி, இப்பிடி வழி நெடுக சிலை சிலையா வைக்கணும்னு அவருக்கு ஆசை. தூர தேசத்துல இருந்து ஒரு சிற்பியக் கூட்டியாந்து வேலை நடந்துச்சு. அப்போ ஊர்க்காவலனும் சீனியம்மாளும் அங்கதான் கூலி வேலை. இவரு குழி வெட்டுவாரு. அவ குளத்துல மொண்டு மொண்டு செடிக்குத் தண்ணி ஊத்துவா. ஒரு நா அவ குடத்த இடுப்புல தூக்கி வைக்கிறப்போ, அந்தச் சிற்பி பாத்துட்டாராம். "அம்மா, அப்பிடியே நில்லு. அசையாத"ன்னு சொன்னாராம்.

"நாப்பது நாள் நின்னா தாயி. நாப்பத்தோராம் நாள் நான் போய்ப் பாத்தேன். குளத்தங்கரையில ரெண்டு சீனியம்மா நிக்கா. ஒருத்தி சிரிக்கா, ஒருத்தி சிரிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்புறம் அடுத்த மாசம் ஊருக்குள்ள காலரா வந்துச்சு. மூணே நாளு. சிரிச்ச சீனியம்மா போயிட்டா. சிரிக்காதவ மட்டும் நின்னா.

"அய்யா, அப்புறம் ஏன் என்னயத் தூக்கிட்டு இந்த மரம் மட்டை இல்லாத ஊருக்கு வந்தீங்க?"

"மரம் மட்டை இல்லங்கிறதுக்காகத்தான் வந்தேன்"னாரு.

என்னயக் கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்கன்னு அவ அழுதா. "என்னால முடியாது தாயி. அவ நிக்கிறதப் பாத்துட்டு, கூப்பிடாம எப்பிடித் திரும்பி வருவேன்?"னு கேட்டாரு. அந்த வருசமே அவரும் போய்ச் சேந்துட்டாரு.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். அவ போனாளா இல்லையா?"

போனா. மூணு தடவ போனா. சொல்றேன் கேளு.

மொதத் தடவ போறப்போ அவளுக்குப் பத்தொம்பது வயசு. அப்பத்தான் கல்யாணம் ஆகியிருக்கு. மாப்பிள்ளை பேரு லிங்கதுரை. அவரும் உப்பளத்துக்காரருதான், நல்ல மனுசன். கல்யாணம் ஆன மறுமாசமே, "ஒங்களுக்கு ஒங்க மாமியாரப் பாக்க வேணாமா?"ன்னு கேட்டிருக்கா. அவரு முழிச்சாரு. விசயத்தச் சொன்னதும், "கெளம்பு"ன்னாரு.

கடகட கடகடன்னு ஒரு பஸ்ஸு. எறங்கி இன்னொரு பஸ்ஸு. அப்புறம் நடை. மலை பக்கத்துல வரவர, இவளுக்கு மூச்சு முட்டுது. இத்தனை பச்சைய அவ பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. தோட்டத்து வாசல்ல ரெண்டு ஆள் உசரத்துக்கு இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால பெரிய மீசை வச்ச ஒரு காவக்காரரு.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"உள்ள போகணும்ங்க."

"இது சமீன் வீட்டுத் தோட்டம். வெளியாள விடமாட்டோம்."

"எங்கம்மா உள்ள இருக்காங்க."

"அப்பிடியா? களை எடுக்கிறவங்களா? பேரச் சொல்லு, கூப்பிட்டு விடுறேன்."

இவ கம்பிகிட்ட நெருங்கி நின்னா. மெதுவாத்தான் சொன்னா. "சீனியம்மா."

அந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? திரும்பி நின்னு, ரெண்டு கையையும் வாயில கூட்டி வச்சு, "ஏ... சீனியம்மா... ஓ... சீனியம்மா! ஒம் மக வந்திருக்கா!"ன்னு சத்தமாக் கூப்பிட்டாரு.

பத்தொம்பது வருசமா அந்தத் தோட்டத்துல யாரும் கூப்பிடாத பேரு. மரத்துல மோதி மோதி உள்ள போச்சு. வெள்ளத்தாய் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னா. கல்லுன்னு தெரியும் அவளுக்கு. தெரிஞ்சும், அந்த நிமிசம், யாரோ குடத்த எறக்கி வச்சுட்டு முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வருவான்னு பாத்தா.

"வந்தாளா?"

வரல. புல்லு அறுத்துக்கிட்டு இருந்த நாலு பொம்பளைங்க நிமிந்து பாத்தாங்க. திரும்பக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"அந்தப் பேர்ல யாரும் இல்லியேம்மா?"

"வேலைக்காரி இல்லிங்க. சிலை. குளத்தங்கரையில குடத்தோட நிக்குமே, அதான் எங்கம்மா."

காவக்காரரு அவள மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் லிங்கதுரையப் பாத்து, "தம்பி, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கம்பி வழியா அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு சிங்கத்தோட முதுகும், ஒரு குதிரை தூக்கி வச்ச காலும்தான். குளம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல.

"ம்."

அப்புறம் வருசம் ஓடிப்போச்சு. ரெண்டு பையன், ஒரு பொண்ணு. விடியுமுன்ன உப்பளம், பொழுது சாஞ்சா அடுப்பு. சமீன் போயி அரசாங்கம் வந்துச்சு. தோட்டத்த எல்லாச் சனங்களும் வந்து பாக்கலாம்னு கதவத் தொறந்து விட்டாங்க. லாரிக்காரரு ஒருத்தரு உப்பு ஏத்த வந்தப்போ பேச்சுவாக்குல சொன்னாரு. "பூங்குறிச்சித் தோட்டத்துக்குப் போயிருந்தோம். என்னா சிலை! என்னா சிலை!"

அவ வாரிக்கிட்டு இருந்த உப்ப அப்பிடியே போட்டுட்டா.

ரெண்டாந்தடவ போறப்போ அவளுக்கு முப்பத்தோரு வயசு. கூட சின்ன மக கனி, ஆறு வயசு. ஐப்பசி மாசம். மழைக்காலத்துலதான் உப்பளத்துல வேலை இருக்காது, அப்பத்தான் போக முடியும். கதவு தொறந்து கெடக்கு. யாரும் தடுக்கல. சிங்கம் முழுசா நிக்குது. குதிரை முழுசா நிக்குது. ஒரு குட்டி யானை சிலை, அது முதுகெல்லாம் பிள்ளைங்க ஏறி ஏறி வழவழன்னு ஆயிருக்கு. கனி அதுமேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேங்குது. "வாடி, ஆச்சியப் பாக்கணும்"னு தூக்கிட்டு ஓடுறா.

அப்பப் புடிச்சுது பாரு மழை. சோ...ன்னு. குளத்தங்கரைக்கு வந்து பாத்தா, குளம் நெறஞ்சு வழிஞ்சு பாதையெல்லாம் தண்ணி. சளக் சளக்குன்னு அலை அடிக்குது. போகக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்காங்க. அந்தக் கரையில, ஒரு மேடையில, ஒரு பொம்பள நிக்கா. கருப்புக் கல்லு. மழையில பளபளன்னு மின்னுறா.

"அம்மாவா?"

அம்மாதான். ஆனா முதுகு. அந்தப் பக்கம் பாத்து நிக்கா. கொண்ட தெரியுது. இடுப்பு தெரியுது. குடத்தச் சுத்தி வளைச்ச கை தெரியுது. முகம் தெரியல. அந்தப் பக்கம் சுத்திப் போகலாம்னா வழியெல்லாம் ஆளு முழுகுற தண்ணி.

அவ மழையில நின்னுக்கிட்டு, அடிவயித்துல இருந்து கூப்பிட்டா. "யம்மா...!"

"என்னம்மா?"ன்னு கனி கேட்டுச்சு. தன்னயத்தான் கூப்பிடுறான்னு நெனச்சிருக்கு, பாவம். நீயும் அப்பிடித்தான, நான் 'யம்மா'ன்னு கூப்பிட்டா ஓடி வருவ.

இன்னொரு தடவ கூப்பிட்டா. மழைச் சத்தத்துல அவளுக்கே கேக்கல.

"திரும்பலையா?"

கல்லு எப்பிடிக் கண்ணு திரும்பும்? புள்ள வேற குளுந்து போயி பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு மணி நேரம் அந்த முதுகப் பாத்துக்கிட்டு நின்னுட்டு, புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டா.

வீட்டுக்கு வந்ததும் லிங்கதுரை கேட்டாரு. "பாத்தியா?"

"கொண்ட போட்டிருக்கா"ன்னு மட்டும் சொன்னா.

"ம்..."

அப்புறம் பதினாறு வருசம். ஒரு வருசம் மாத்தி ஒரு வருசம் போகணும் போகணும்னுதான் இருந்தா. ஒரு பிரசவம், ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஏதாவது ஒண்ணு குறுக்க வந்து உக்காந்துக்கும். அப்போ அவ கண்ணுல ஒரு கோளாறு வந்துச்சு. உப்பு இருக்கு பாரு, வெயில்ல அது கண்ணாடி மாதிரி அடிக்கும். அதுலயே முப்பது வருசம் பாத்துப் பாத்து, எல்லாமே புகைக்குள்ள தெரியிற மாதிரி ஆகிப்போச்சு. அரிசியில கல்லு தெரியல. எதுக்க வர்றது யாருன்னு தெரியல. ஊர்ல ஆஸ்பத்திரிக்காரங்க முகாம் போட்டப்போ போயிக் காட்டுனா. டாக்டரம்மா வெளக்க அடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க. "ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணு இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். ஆபரேசன் பண்ணிப் பிரயோசனம் இல்லம்மா. நரம்பு காஞ்சிருச்சு."

வீட்டுக்கு வந்து அவ அழல. "கனி, நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குப் போகணும்"னு சொன்னா.

கனிக்கு இப்ப இருபத்திரண்டு வயசு. ஐஸ் கம்பெனியில வேலை. ஏன் எதுக்குன்னு அவ கேக்கல. லிங்கதுரைக்கு முழங்கால் வலி, வர முடியாது. அவரே எந்திரிச்சு புளிச்சோறு கிண்டி, வாழையிலையில கட்டிக் குடுத்தாரு. "இந்தத் தடவ பாத்துட்டுத்தான் வரணும்"னாரு. வாசல் வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தாரு.

தை மாசம். நல்ல வெயிலு. தோட்டத்துக்குள்ள கூட்டம். கனி கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து போறா. "சிங்கம் வந்துச்சா?" "வந்துருச்சும்மா." "குதிரை?" "தாண்டிட்டோம்." குளத்துல தண்ணி கீழ கெடக்கு. பாதை காஞ்சு கெடக்கு. சுத்தி அந்தக் கரைக்கு வந்துட்டாங்க.

அங்க பாத்தா, சிலையச் சுத்தி பத்தடி தள்ளிக் கயிறு. 'சிலைகளைத் தொடாதீர்'னு பலகை. வந்தவங்க பேரக் கிறுக்கிக் கிறுக்கிக் கெடுத்துட்டாங்கன்னு இப்பிடி ஒரு ஏற்பாடு.

கயித்துக்கிட்ட நின்னு வெள்ளத்தாய் பாக்குறா. நல்ல கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறா. கருப்பா ஒரு நெழல் நிக்குது. அவ்வளவுதான். பத்தடி. அய்யா சொன்ன நாள்ல இருந்து முப்பத்தி மூணு வருசமா அவ வாசப்படிய விட்டுக் கெளம்பி வந்துக்கிட்டே இருக்கா. இன்னும் பத்தடி.

கயித்துக்குக் கீழ குனிஞ்சா. பீ...ப்!

வயசான காவலாளி ஒருத்தரு விசில் ஊதிக்கிட்டு ஓடி வர்றாரு. "அம்மா, அம்மா! படிக்கத் தெரியாதா? பின்னால வாங்க."

"ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது. கிட்டப் போனாத்தான் தெரியும். ஒரே ஒரு தடவ."

"எல்லாரும் ஒரே ஒரு தடவன்னுதாம்மா சொல்றாங்க. எதாச்சும் ஒடஞ்சா எனக்குல்ல வேலை போகும்?"

"இது எங்கம்மாங்க."

அவரு இந்த மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பாரு! கைய ஆட்டி, போங்க போங்கன்னாரு. கனிக்குக் கோவம் வந்துருச்சு. "வாம்மா, இவங்ககிட்ட என்ன பேச்சு"ன்னு, கீழ கெடந்த பையக் குனிஞ்சு தூக்கி இடுப்புல இடுக்கிக்கிட்டு, வெடுக்குனு திரும்பி அவர ஒரு பார்வை பாத்தா.

அப்போ அந்த மனுசன் அப்பிடியே நின்னுட்டாரு. கனியப் பாத்தாரு. திரும்பிச் சிலையப் பாத்தாரு. மறுபடி கனியப் பாத்தாரு. பதினோரு வருசமா தெனமும் அந்தச் சிலை முகத்துல முழிக்கிறவரு. அந்த மூக்கு, அந்தத் தாடை, ஒரு புருவம் மட்டும் ஒரு நூலு மேல ஏறியிருக்கிறது, எல்லாம் இந்தப் பொண்ணுகிட்ட இருக்கு.

விசில எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. கயித்தத் தூக்கிப் புடிச்சாரு. "பாத்து. மூணு படி இருக்கு"ன்னாரு.

"ம்..."

ஒரு படி. ரெண்டு படி. மூணாவது படி. மூக்கும் மூக்கும் முட்டுற தூரத்துல முகத்தக் கொண்டு போனா. மிச்சம் இருந்த அந்த ஒரு கண்ணால, துண்டு துண்டாப் பாத்தா. இது நெத்தி. இது கண்ணு. வாய் லேசாத் தொறந்திருக்கு, மூச்சு வாங்குற மாதிரி. கழுத்தெலும்பு தூக்கிக்கிட்டு நிக்குது. காதுல ஓட்டை இருக்கு, தோடு இல்ல. கன்னத்துல காக்கா எச்சம் காஞ்சு கெடக்கு.

இந்த முகத்துக்கு முன்னால நின்னு கேக்கணும்னு அவ ஒரு கேள்வி வச்சிருந்தா. சின்னப் புள்ளையில இருந்து வச்சிருந்தா. "ஏம்மா என்னய விட்டுட்டுப் போன?"ன்னு கேக்கணும். அந்த மடியில விழுந்து அழணும். எத்தனை வயசானாலும் அம்மாகிட்டப் புள்ளதான?

ஆனா அவ கேக்கல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னுட்டு, "கனி, இவளுக்கு என்ன வயசிருக்கும்?"னு கேட்டா.

கனி பாத்தா. "இருவது இருக்கும்மா. என்னய விடச் சின்னவதான்."

"நானும் அதான் பாக்கேன்"னா. அப்புறம் அந்தக் குடத்தத் தடவிப் பாத்தா. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வச்சாலும் சேராத குடம். தடவிட்டு, அவளுக்கு ஆத்திரமா வந்துச்சு. "இம்புட்டுக்காணு புள்ள. புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி. யாரு இவகிட்ட இம்புட்டுப் பெரிய குடத்தக் குடுத்தது? கேக்க நாதி இல்லன்னா?"ன்னு சத்தமாக் கேட்டா. அங்க நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அப்புறம் தண்ணி பாட்டில வாங்கி முந்தானைய நனைச்சு, அந்தக் கன்னத்தத் தொடச்சா. நெத்தியத் தொடச்சா. காதுக்குப் பின்னால, கழுத்துக்குக் கீழ, உன்னய நான் குளிப்பாட்டிட்டுத் தொடைப்பேன்ல, அப்பிடித் தொடச்சா. "சாப்பிட்டியாடி?"ன்னு மெதுவாக் கேட்டா. கனி தலையில இருந்து ஒரு துண்டு கனகாம்பரத்த வாங்கி, கல்லுக் கொண்டையில செருகுனா. அது நிக்கல, விழுந்துச்சு. மறுபடி செருகுனா.

அப்போ கயித்துக்கு வெளிய நின்ன ஒருத்தரு, "அவங்கள மட்டும் எப்பிடி உள்ள விட்டீங்க?"ன்னு காவலாளிகிட்டச் சண்டைக்கு வந்தாரு.

"அவங்க வீட்டு ஆளுங்க சார்"னாரு அவரு. "விடுங்க."

சாயங்காலம் தோட்டம் பூட்டுற வரைக்கும் வெள்ளத்தாய் அங்கதான் உக்காந்திருந்தா. போறப்போ திரும்பி, "வாரேம்மா. சூதானமா இருந்துக்கோ"ன்னு சொல்லிட்டு வந்தா.

...கண்ணு?

"...ம்."

அப்புறம் அடுத்த வருசமே அந்தக் கண்ணும் போயிருச்சு. எல்லாம் இருட்டு. ஆனா முன்ன மாதிரி அம்மா முகம் எப்பிடியிருக்கும்னு யாரையும் அவ கேக்கல. ஏக்கம் போயிருச்சான்னு கேட்டா, போகல. அது வேற மாதிரி ஆகிப்போச்சு. முன்னாடி, அம்மா வந்து என்னயத் தூக்கமாட்டாளான்னு ஏங்குனா. இப்ப கூரையில பொட்டுப் பொட்டுன்னு ஒரு தூத்தல் விழுந்தாலும் போதும், தடவிக்கிட்டே எந்திரிச்சு உக்காந்துக்குவா.

"என்ன வெள்ளத்தாயி?"ன்னு லிங்கதுரை கேப்பாரு.

"மலைப் பக்கமும் மழை பெய்யுமோ?"ன்னு கேப்பா. "அந்தப் புள்ள நனையுமே."

அவ்வளவுதான் கதை. உப்பு கடலுக்குப் போச்சு, ஒறக்கம் ஒன் கண்ணுக்கு வந்துச்சு. தூங்கு.